இடதுகை அரிவாளும் அல்மேதா சாமியாரும்

அல்மேதா சாமியார் இறந்துபோனார் என்று திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். மணியடிக்கும் கோயில்பிள்ளை சவரிமுத்து கார்டை என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான். படித்து முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. "அப்பாடா" என்றுதான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

சாமியார் ஒருவர் இறந்தால் துக்க மணி அடிப்பது கோயில் முறை. ஆனால் இவருக்கு மணி அடித்தால் மேலத்தெருக்காரர்கள் வந்து கயிற்றைப் பிடுங்கிவிடுவார்களோ என்று சவரிமுத்துவுக்குப் பயம்.

"அடிக்கட்டுங்களா, வேண்டாங்களா? நீங்க சொன்னாத்தான் அடிப்பேன்" என்றான்.

அடி, ஆனால் ரொம்ப நேரம் அடிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். அவன் நெடுநேரம் அடித்தான். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பங்குக் கமிட்டியார் என்னிடம் வந்து, அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும், அவருக்கான பூசை அன்று கோயிலில் வாசிப்போம் என்றார்கள். ஓடைக்குடிக்காட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தானா என்று கேட்டேன். ஆறு வருஷம் அவரோடு சண்டை போட்டவன் நீதானே, உன்னைவிட அவரை யாருக்குத் தெரியும் என்றார்கள். அதுவும் வாஸ்தவம்தான். நான் இந்த ஊர் உபதேசியார். சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதும், பள்ளிக்கூடத்தை நடத்துவதும் என் வேலை. சாமியாருக்கு வலது கை என்பார்கள். வலது கை என்ற சொல்லை நினைத்தாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

அவர் இங்கே வந்தது யுத்த காலத்தில். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி போட்டு ஓடிய சமயம். ஜெயங்கொண்டம் வரைக்கும் அப்படி ஒரு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் புழுதியோடு வந்து இறங்கினார். போர்ச்சுகல் நாட்டுக்காரர். செம்பட்டைத் தாடி, ஆறடி உயரம். நாங்கள் மாலையும் மேளமுமாக நின்றுகொண்டிருந்தோம். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய், கோயில் வேலியோரம் நின்ற முந்திரி மரத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார். சாறு தாடியில் வழிந்தது.

"உபதேசியாரே, இந்த மரம் எங்கிருந்து வந்தது, அறிவீரா?" என்று கேட்டார். புத்தகத்தில் படித்த தமிழ். கடைசிவரை எல்லோரையும் 'நீர்' என்றுதான் அழைத்தார்.

எங்கள் ஊர் மரம், என் பூட்டன் காலத்திலிருந்து நிற்கிறது என்றேன்.

"பொய் சொல்லுகிறீர். இது பிரேசில் தேசத்து மரம். எங்கள் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்தது."

மேளக்காரர்கள் முதற்கொண்டு சிரித்துவிட்டார்கள். ஊருக்குள் கால் வைத்த ஐந்தாவது நிமிஷத்தில் என்னைப் பொய்யன் ஆக்கினார். பிறகு நான் அரியலூருக்குப் போய்ப் படித்தவர்களிடம் விசாரித்தேன். அவர் சொன்னது உண்மைதானாம். அதனால் என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. எங்கள் பக்கத்தில் அவசரக்காரனை முந்திரிக்கொட்டை என்பார்கள். மரத்தோடு அந்தக் குணமும் அங்கிருந்துதான் கப்பலில் வந்திருக்கும் என்றாள் என் மனைவி ஞானம்மாள்.

ஞானம்மாளுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது காபி கொடுத்தாள். யுத்த காலத்துக் காபி. பாதிக்குமேல் வறுத்த புளியங்கொட்டை. ஒரு வாய் குடித்தவர் எழுந்துபோய் முற்றத்தில் துப்பிவிட்டு வந்து, காபி விளையும் தேசத்தில் பதினோரு வருஷம் இருந்தேன், இது காபி அல்ல என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அவர் எத்தனை முறை வந்தாலும் எங்கள் வீட்டில் அவருக்குப் பானைத் தண்ணீர்தான்.

பங்கு வீட்டில் கட்டில் இருந்தும் அவர் அதில் படுக்கவில்லை. இரண்டு தூணுக்கு நடுவே கனத்த துணியைக் கட்டி அதில் படுத்து ஆடிக்கொண்டிருப்பார். பிரேசிலில் எல்லோரும் அப்படித்தான் தூங்குவார்களாம். ஊர்ப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தூளிச் சாமியார் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தத் தூளியில் ஆடிக்கொண்டே தம்முடைய பிரேசில் ஊரின் கதையைச் சொல்வார். நான் திருச்சியையே நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிரேசில் ஊர் எனக்கு மனப்பாடம். அதன் இப்போதைய பெயர் வாயில் நுழையாது. 'சிவந்த தண்ணீர்' என்று அர்த்தமாம். ஆற்று வளைவில் ஒரு மேடு, மேட்டில் கோயில், கோயிலுக்கு முன்னால் பெரிய சதுக்கம். எங்கள் மண்ணைப் போலவே சிவந்த மண். சனிக்கிழமை சந்தை. குச்சிக்கிழங்கை அரைத்து வறுத்த மாவை எந்தச் சாப்பாட்டின்மேலும் தூவிச் சாப்பிடுவார்களாம், நாம் இட்லிக்குப் பொடி போட்டுக்கொள்வதைப் போல. ஊர்க்காரர்கள் வீறாப்புப் பிடித்தவர்கள். கோயிலில் முன் பெஞ்சு யாருக்கு என்று மூன்று தலைமுறையாகச் சண்டை. ஒவ்வொரு பெரிய குடும்பமும் இந்த ஊரை உண்டாக்கியது நாங்கள்தான் என்று சொல்லுமாம்.

முதலில் அந்த ஆற்று வளைவில் இருந்தவர்கள் காட்டு மக்கள். அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். சாமியார்கள் போய் அவர்களைச் சேர்த்து வைத்து, மண் சுவரில் கோயில் கட்டி, ஞானஸ்நானம் கொடுத்து, ஊருக்கு ஒரு புனிதரின் பெயரை வைத்தார்கள். அம்மை வந்து பாதிப் பேர் போனார்கள். மிச்சம் இருந்தவர்களின் நிலம் கோயில் நிலமானது. கோயில் நிலம் மாட்டுப் பண்ணைக்காரர்கள் நிலமானது. பிறகு காபித் தோட்டம், ரயில், நகரசபை. நகரசபையின் முதல் கூட்டம் ஒரு பண்ணைக்காரர் வீட்டு முன்கட்டில் நடந்தது. அந்தக் கூட்டத்தின் ஏட்டில் காட்டு மக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கோயிலில் கடைசியில், தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் இங்கே வந்தபின் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. புனிதரின் பெயரை எடுத்துவிட்டு ஊருக்குப் பழைய காட்டுப் பெயரையே அரசாங்கம் வைத்துவிட்டதாம். பரவாயில்லையே சாமி, நியாயம் நடந்துவிட்டதே என்றேன். அவர் தூளியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நியாயம் அல்ல, உபதேசியாரே. அந்தப் புனிதரின் பெயரில் ஊர்கள் பல. தபால் தவறிப் போகிறது. ஆகையால் மாற்றினார்கள்."

பிரேசிலைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி அவர் யாரைப் பார்த்துப் பேசினார் என்பது எனக்கு ஒரு வருஷத்துக்குள்ளேயே புரிந்துவிட்டது. எங்கள் கோயிலிலும் கீழத்தெரு ஆதிதிராவிடர்கள் ஒரு மரக் கிராதிக்குப் பின்னால்தான் நின்றார்கள். தேர் வடத்தில் கை வைக்க அவர்களுக்குப் பாத்தியதை இல்லை. கிராதியை எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னதும், முடியாது என்று நாங்கள் சொன்னதும் வருஷாவருஷம் நடந்தது.

வெளியூரிலிருந்து வந்து இதைக் கேட்பவர்களுக்காக எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். சித்திரைத் திருவிழாவில் தேர் புறப்படும்முன் முதலில் வடத்தைத் தொடுவது 'காடு வெட்டிய குடும்பம்'. அது என் குடும்பம். என் பூட்டனார் காட்டை வெட்டி இந்த ஊரை உண்டாக்கினார் என்பது நாங்கள் சொல்லிவந்த கதை. அவர் வெட்டிய அரிவாள் எங்கள் வீட்டில் ஒரு தேக்குப் பெட்டியில் இருந்தது. திருவிழா அன்று அதற்குச் சந்தனம் பூசி, மல்லிகைப் பூச் சுற்றி, தாம்பாளத்தில் வைத்துத் தேர்வரை எடுத்துப் போவோம். குடும்பத்தில் மூத்தவன் அரிவாளால் வடத்தைத் தொட்டு, பிறகு கையால் பிடிப்பான். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். என் தாத்தா பிடித்தார், அப்பா பிடித்தார், இருபது வருஷமாக நான் பிடித்தேன். எனக்குப் பெரிய நிலபுலன் கிடையாது. ஊரில் நாலு பேர் எழுந்து நிற்பதற்கு எனக்கு இருந்தது அந்த ஒரு மரியாதைதான்.

சுதந்திரம் வந்ததும் எங்கள் ஊருக்குத் தனிப் பஞ்சாயத்து என்று முடிவானது. திறப்பு விழாவுக்கு ஊர் வரலாறு ஒன்றை அச்சடிக்கவேண்டும் என்றார்கள். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே எழுதியிருந்தேன். சாமியாரின் ஆசியுரை வேண்டும் என்று கொண்டுபோனேன். அவர் தூளியில் கிடந்தபடி படித்தார். 'மனித நடமாட்டமே இல்லாத காட்டை எங்கள் பூட்டனார் வெட்டித் திருத்தி' என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். ஆசியுரையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அந்த அரிவாளைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறந்து கொடுத்தேன். காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, அரிவாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து அதன் வாயைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

"உம்முடைய பூட்டனார் இடதுகைக்காரரோ?" என்றார்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது சாமி" என்றேன், ஏதோ பெருமையைச் சொல்வதைப் போல.

அவர் சிரித்துக்கொண்டே அரிவாளைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த அரிவாளுக்குச் சந்தனம் பூசினோம், பூச் சுற்றினோம், தேங்காயெண்ணெய் தடவினோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதை எடுத்து ஒரு குச்சியையாவது வெட்டிப் பார்த்தோமா? இல்லை. வெட்டிப் பார்த்திருந்தால் எங்கள் வீட்டு மாட்டுக்காரனே சொல்லியிருப்பான்.

அந்தச் சித்திரையில் தேர் அலங்காரம் முடிந்து, பொழுது சாய்கிற நேரம், மேலத்தெரு முழுக்க வடத்தின் இரண்டு பக்கமும் நின்றது. நான் தாம்பாளத்தோடு வந்தேன். சாமியார் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். புதுப் பஞ்சாயத்து வந்திருக்கிற வருஷம், காடு வெட்டிய குடும்பம் ஒரு கிளையையாவது வெட்டிக் காட்டிவிட்டு வடம் பிடிக்கட்டும் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், அதைச் சொல்ல வெட்கப்படுகிறேன். கோயில் வேலியோரத்து முந்திரி மரத்துக்குப் போனேன். மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கிளை. இடது கையால் கிளையைப் பிடித்து வலது கையால் ஓங்கி வெட்டினேன். அரிவாள் இறங்கவில்லை; பட்டையைச் சீவிக்கொண்டு வழுக்கியது. இன்னொரு முறை. மறுபடி வழுக்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது முறை வெறியோடு வெட்டினேன். அது வழுக்கி வந்து என் இடது ஆள்காட்டி விரலில் விழுந்தது. வேட்டியெல்லாம் ரத்தம்.

அரிவாளுக்கு ஒரு பக்கம்தான் சாய்வாகச் சாணை பிடிப்பார்கள். வலதுகைக்காரனுக்கு ஒரு பக்கம், இடதுகைக்காரனுக்கு மறுபக்கம். கை மாறினால் மரத்தில் ஏறாது. விவசாயி எவனுக்கும் தெரிந்த சங்கதி. வாத்தியாருக்குத் தெரியவில்லை.

நான் விரலைத் துண்டால் சுற்றிக்கொண்டு நின்றபோது அவர் கீழத்தெருக்காரர்கள் ஒதுங்கி நின்ற பக்கம் திரும்பி, சின்னப்பனைக் கூப்பிட்டார். சின்னப்பன் கீழத்தெருக்காரன், கிணறு வெட்டுகிறவன், நாற்பது வயது இருக்கும். அவன் இடதுகைக்காரன், அவன் அப்பனும் அப்படித்தான். வேண்டாம் சாமி என்று அவன் கும்பிட்டது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சாமியார் விடவில்லை. அதட்டினார். அவன் வந்து அரிவாளை எடுத்தான், இடது கையால் ஒரு போடு போட்டான். கிளை கீழே கிடந்தது.

"இது யாருடைய அரிவாள்? சொல்லும்" என்றார்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் அரிவாள்னு எங்க வூட்டுல சொல்லுவாங்க. காடு வெட்டறப்ப பாம்பு கடிச்சு செத்துட்டாராம். அன்னைக்கு இவங்க வூட்டுல எடுத்து வெச்சுக்கிட்டாங்களாம். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

மேலத்தெருக்காரர்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். தேர் ஐந்து நாள் தெருவிலேயே நின்றது. பங்கு வீட்டு ஓடுகள் கல்லடியில் உடைந்தன. நான் கல் எறியவில்லை. எறிந்தவர்களைத் தடுக்கவும் இல்லை. கடலை வெட்டுக்குக் கீழத்தெரு ஆட்களை யாரும் கூப்பிடக்கூடாது என்று முடிவு செய்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கீழத்தெருவில் மூன்று மாதம் அடுப்பில் குச்சிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் வேகவில்லை. மேற்றிராணியார், பிஷப்தான், சாமியாரை ஊர் மாற்றினார். அவர் போன அன்று வழியனுப்ப ஒருவரும் போகவில்லை. அவர் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு சின்னப்பன் மட்டும் பஸ்வரை போனான்.

இதனால்தான் அவர்மேல் எனக்கு ஆறாத கோபம். என்னை அவமானப்படுத்தியதை விடுங்கள். உண்மையை என்னிடம் என் வீட்டிலேயே, அரிவாளைப் புரட்டிப் பார்த்த அன்றே சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், வெளியே போ என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்காக இருந்திருக்கும். அவருக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. எனக்காக ஒரு பொறி வைத்தார், அதில் கீழத்தெருவின் வயிறு மாட்டிக்கொண்டது. சாமியார்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, வயல் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த பங்குக்குப் பஸ் ஏறலாம்.

அவர் கிடையில் விழுந்தபின் ஒருமுறை பார்த்தேன். பாசத்தில் போகவில்லை. முதல் வடம் யாருக்கு என்று தீரும்வரை இந்த ஊரில் தேர் ஓடாது என்று மேற்றிராணியார் உத்தரவு. அரிவாளைப் பற்றித் தம்மிடம் வேறு சாட்சியம் எதுவும் இல்லை என்று சாமியார் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எங்கள் பாத்தியதை நிலைக்கும் என்று மேலத்தெருக்காரர்கள் சொன்னார்கள். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். தாடியைச் சிரைத்திருந்தார்கள். முகம் சின்னதாக, வேறு யாரோ ஒருவர் மாதிரி இருந்தது. காகிதத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். நான் நெஞ்சில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"நீங்க உண்மையைச் சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டீங்க சாமி. அவங்க மூணு மாசம் கிழங்கு தின்னாங்க."

அதற்கு அவர் ஒரு சங்கதியைச் சொன்னார், ஆறு வருஷக் கதையில் அவர் சொல்லாமல் விட்ட சங்கதி. அந்தப் பிரேசில் ஊரின் நகரசபைக்கு ஆண்டு விழா வந்தபோது ஊர் வரலாறு எழுதியது அவர்தானாம். பண்ணைக்காரர்களின் பாட்டன்மார் மனித நடமாட்டமே இல்லாத காட்டைத் திருத்தினார்கள் என்று எழுதினாராம். கோயில் கூரைக்கு மரம் கொடுத்தவர்கள் அவர்கள். புத்தகம் வெளியான அன்று, கோயிலைப் பெருக்கும் ஒரு பெண், அந்தக் காட்டு மக்களின் வம்சத்தவள், எழுதப் படிக்கத் தெரியாதவள், எங்களைப் பற்றி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டாளாம்.

"நான் கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தேன், உபதேசியாரே. அவள் அந்தப் பக்கத்தை முத்தமிட்டாள்" என்றார்.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீர் எழுதியதை வாசித்தபோது அது என் கை எழுதியதே என்று அறிந்தேன். அதனால்தான் உம்மேல் அத்தனை கோபம். சின்னப்பனிடம் நான் கேட்கவில்லை. அது இரண்டாம் பாவம்" என்றார்.

காகிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் எழுந்துவிட்டேன். சாமியாரைப் பார்க்கும்போதும் விடைபெறும்போதும் 'தோத்திரம் சாமி' என்று சொல்வது நம் வழக்கம். பிறந்ததிலிருந்து நான் அதைத் தவறவிட்டதில்லை. அன்றைக்குச் சொல்லாமலே வெளியே வந்தேன். கீழப்பழுவூரில் பஸ் நின்றபோதுதான் அது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

மூன்று வாரத்தில் கார்டு வந்தது. துக்க மணி ஓய்ந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஞானம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். உங்கள் கையில் நிற்காத அரிவாளுக்கு எண்ணெய் போட்டு எண்ணெய் போட்டு என் கைதான் ஓய்ந்துபோச்சு, எங்கே கொண்டுபோகிறீர்களோ கொண்டுபோங்கள் என்றாள்.

ஐம்பத்திரண்டு வயதில், சாவுக்குச் செபம் சொல்வதற்கு அல்லாமல் நான் கீழத்தெருவுக்குப் போனது அதுதான் முதல் தடவை. சின்னப்பன் வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். அரிவாளை நீட்டினேன். வாங்கி, ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, துரு ஏறிப்போச்சு, தீட்டணும் என்றான். சாமியார் செத்துப்போனார் என்று சொன்னேன். மணி கேட்டது என்றான். பிறகு அவனாகவே பேசினான்.

"நல்ல மனுசருதாங்க. ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கூப்புட்டாரு, வெட்டச் சொன்னாரு. இத்தனை வருசமா நீங்களும் கேக்கலை."

இப்போது கேட்கிறேன், வருகிற சித்திரையில் முதல் வடத்தைப் பிடிக்க வருவாயா என்றேன். அவன் தழையைக் கட்டி முடித்தான்.

"நான் ஒத்தையா வந்து நிக்க மாட்டேங்க. ஒருதரம் நின்னது போதும். தெரு முழுக்க வடம் புடிக்கும்னு நீங்க எழுதிக் குடுத்து, அதைக் கோயில்ல எல்லாரும் கேக்கப் படிச்சாங்கன்னா, அப்ப வர்றேன்."

கமிட்டியார் கேட்ட நாலு வார்த்தையை இதனால்தான் ஒப்புக்கொண்டேன். கோயிலில் வாசிப்போம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? மேலத்தெருவும் கீழத்தெருவும் கேட்க, ஒரு வரி விடாமல் வாசியுங்கள். இந்த ஊர்க் காட்டை வெட்டியவர் சின்னப்பனின் பாட்டனுக்குப் பாட்டன். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்டு வைக்கவில்லை. முதல் வடம் என் குடும்பத்துக்கு உரியதல்ல. வருகிற சித்திரையில் கீழத்தெரு முழுவதும் முதலில் வடத்தைப் பிடிக்கும். அதற்குப் பின்னால் இடம் இருந்தால் நான் பிடிப்பேன். நான் எழுதிய ஊர் வரலாறு கட்டுக் கட்டாகப் பரணில் கிடக்கிறது. அடுப்பெரிக்க வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அல்மேதா சாமியாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இடது கையில் மடங்காத ஒரு விரல். வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது ஒன்று என்று அதைத்தான் நீட்டுகிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, அவருக்கும் என்மேல் தீர்ந்திருக்காது. ஆஸ்பத்திரியில் சொல்லாமல் வந்ததை மட்டும் இங்கே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். தோத்திரம் சாமி.